பதிவுச் சீட்டைக் காட்டி விற்கப்பட்ட டான்டோ

நகோயாவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் நான், சென்ற இலையுதிர்காலத்தில் 8 லட்சம் யென் கொடுத்து ஒரு குறுவாளை வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே கையாளப்பட்ட முறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு ஷாகு, அதாவது ஏறத்தாழ 30.3 செ.மீ. நீளத்துக்குக் குறைவான வாளையே ஜப்பானியர் டான்டோ என்பர். எனக்குக் காட்டப்பட்டது 27 செ.மீ. நீளமுள்ள, பக்கவாட்டில் முகடு இல்லாத தட்டையான அலகு. ஹோ மரத்தில் செய்த எளிய உறையில் இருந்தது. பிடியைக் கழற்றினால் அடிப்பகுதியில் 'கானெசதா' என்ற கையொப்பம் தெரிந்தது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மினோ மாகாணத்தின் செகியில் வாழ்ந்தவரும், பெயரின் இரண்டாம் எழுத்தைத் தனக்கே உரிய வடிவில் வெட்டியதால் 'நோசதா' என்று அழைக்கப்பட்டவருமான கொல்லரின் வேலை இது என்றார் கடைக்காரர். செகி இன்றும் கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஊர், நகோயாவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அந்த நெருக்கமும் என் கண்ணை மறைத்திருக்க வேண்டும்.

என் சந்தேகத்தைத் தீர்க்க அவர் எடுத்துக் காட்டியது பதிவுச் சீட்டு. 1951ஆம் ஆண்டிலேயே அரசு பதிவு செய்த வாள், இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டார். அந்தச் சீட்டு, வாளைச் சட்டப்படி வைத்திருக்கலாம் என்பதற்காக மாகாணக் கல்வி வாரியம் தருவது. வாளின் வகை, நீளம், வளைவு, பிடியைப் பொருத்தும் ஆணித் துளைகளின் எண்ணிக்கை, அடிப்பகுதியில் காணப்படும் எழுத்துகள் ஆகியவை அதில் உள்ளபடியே குறிக்கப்படும். அந்த எழுத்துகள் உண்மையானவையா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. மதிப்பீட்டுச் சான்றிதழ் வேறு. அதை 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகள் வழங்குகின்றன. "இன்னும் அனுப்பவில்லை, அதனால்தான் இந்த விலை" என்றார் அவர். சான்றிதழ் கிடைத்தால் பல மடங்கு விலை போகும் வாளை ஒரு வியாபாரி ஏன் அனுப்பாமல் வைத்திருக்கிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

வாங்கிய இரண்டாம் மாதம், வாள் தீட்டும் முதிய கலைஞர் ஒருவரிடம் அதை எடுத்துச் சென்றேன். அவர் அலகின் அழகைப் பார்க்கவேயில்லை. பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியான நாகாகோவைத்தான் விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். வெட்டுவாய்ப் பக்கம் மெல்லிய களிமண்ணும் முதுகுப் பக்கம் தடித்த களிமண்ணும் பூசி, காய்ச்சி, நீரில் தோய்க்கும்போது வெட்டுவாய் விரைவாகக் குளிர்ந்து கடினமாகிறது. அந்தக் கடினப் பகுதியின் எல்லை வெண்மையான கோடாகத் தெரிவதே ஹாமோன். பிடிக்குள் போகும் பகுதி கடினமானால் உடையக்கூடும் என்பதால், கொல்லர் அக்கோட்டை அலகின் தொடக்கத்தை ஒட்டியே முடித்துவிடுவார். என் வாளிலோ துரு படிந்த நாகாகோவுக்குள்ளும் ஹாமோனின் மங்கிய சுவடு ஓடியது. அதாவது, இன்று நாகாகோவாக இருக்கும் இடம் முன்பு அலகாக இருந்திருக்கிறது. நீளமான வாள் ஒன்றின் அடியை யாரோ வெட்டிக் குறுக்கியிருக்கிறார்கள். உண்மையான கையொப்பம் ஏதேனும் இருந்திருந்தால், அது வெட்டிய துண்டோடு போயிருக்கும். பழைய கையொப்பத்தைத் தனியே பெயர்த்துப் பதிக்கும் வழக்கம் உண்டு. ஆனால் இங்கே பதித்ததற்கான தடம் எதுவும் இல்லை. எழுத்துகளின் உளித் தடத்துக்குள் படிந்திருந்த துருவும் சுற்றியிருந்த கரிய துருவைப்போல் இல்லாமல் செம்மை கலந்து புதிதாக இருந்தது.

மனம் கேளாமல் சங்கத்துக்கும் அனுப்பினேன். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தது.

கடைக்காரரிடம் போனபோது அவர் சற்றும் பதறாமல் ரசீதைப் படித்துக் காட்டினார். அதில் "கையொப்பம்: கானெசதா" என்றுதான் இருந்தது, கானெசதா செய்தது என்று எங்கும் எழுதப்படவில்லை. கையொப்பம் போலி என்று தெரிந்தால் பணம் திரும்பத் தரப்படும் என்ற ஒரு வரியை வாங்கும்போதே எழுதி வாங்கியிருந்தால், நான் வாதாட இடம் இருந்திருக்கும். பணத்தைத் தர மறுத்தவர், வேண்டுமானால் 2 லட்சம் யென்னுக்குத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை, கொடுத்தால் அதே சீட்டுடன், அதே விளக்கத்துடன் அடுத்தவர் முன் அது வைக்கப்படும்.