சந்தாவா, விழாவா, டிஸ்க்கா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு செனகல் படமோ கசகஸ்தான் படமோ பார்க்க எனக்குத் தெரிந்து மூன்று வழி. மூன்றிலும் சில வருடங்கள் பார்த்துவிட்டேன்.

தேடுவதற்கு முபி போன்ற இணையத் தளங்களுக்கு ஈடு இல்லை. மாதச் சந்தா கட்டினால், பெயரே கேள்விப்படாத இயக்குநர் ஒரே இரவில் பழக்கமாகிவிடுவார். ஆனால் உரிமக் காலம் முடிந்தால் படமும் போய்விடும்.

தூதரகங்கள் நடத்தும் திரைப்பட விழாக்கள் பெரும்பாலும் கோலாலம்பூரில்தான். ரயிலில் நாலு மணி நேரம். பெரிய திரைக்காக அதுகூடப் பரவாயில்லை. ஆனால் விழா எடுக்க வசதியுள்ள நாடுகளின் படங்களே அங்கே வருகின்றன. மொரித்தானியாவின் முறை வருவதே இல்லை.

என் ஓட்டு டிஸ்க்குக்குத்தான். விலை அதிகம், நிஜம். வாங்கும்முன் ஒன்றைக் கவனியுங்கள்: உலகை வட்டாரங்களாகப் பிரித்துத்தான் டிஸ்க் விற்கிறார்கள், பிளேயரும் அதே வட்டாரமாக இருந்தால்தான் ஓடும். டிவிடியில் நம் வட்டாரம் 3, அமெரிக்கா 1, அங்கே வாங்கியது இங்கே ஓடாது. புளூ-ரேயில் இரண்டு இடமும் ஒரே 'ஏ' வட்டாரம், அதனால் ஓடும். பிரிட்டிஷ் பதிப்பு 'பி', அது வேண்டாம்.

மறக்கப்பட்ட படங்களை மீட்க ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி 2007-இல் தொடங்கிய திட்டத்தின் படங்களை கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனம் பெட்டி பெட்டியாக வெளியிடுகிறது. 2020-இல் வந்த மூன்றாம் பெட்டியில் ஆறு படங்கள். அதில் ஒன்று உஸ்மார் இஸ்மாயில் 1954-இல் எடுத்த இந்தோனேசியப் படம், 'லெவாட் ஜாம் மாலாம்'.

அம்மாவுக்கு ஆங்கில வசன வரிகள் ஓடாது. ஆனால் பிறை ஃபேக்டரியில் இருபது வருடம் பேசிய மலாய் இருக்கிறதே! இந்தோனேசிய மொழியும் அதற்கு நெருக்கம்தான். வரிகளை அணைத்துவிட்டுப் போட்டேன்.

"ஜாம் மாலாம்னா ராத்திரி மணியா?"

"ஊரடங்கும்மா."

விடுதலைப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய இஸ்கந்தர், ஊரடங்கு நேரத்தில் பாண்டுங் தெருவில் நடக்கிறான். அம்மா கையிலிருந்த முருங்கைக்கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டார். "அறுபத்தொன்பதுல எங்களையும் இப்படித்தான் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னாங்க. எனக்குப் பத்து வயசு." இத்தனை வருடத்தில் அம்மா அதை என்னிடம் சொன்னதே இல்லை.

அதே பெட்டியில் மொரித்தானியாவின் மெட் ஹோண்டோ எடுத்த படமும் இருக்கிறது. அது பிரெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை போடச் சொல்லியிருக்கிறார் அம்மா. வரிகளை நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும்.