தோட்டத்துக்கு ஆர்.ஓ. என்று சொல்லி 18,500 ரூபாய் ஏமாற்றிவிட்டார்கள்

மாடித்தோட்டத்துக்கு ஆர்.ஓ. மெஷின் வாங்கலாம் என்று யோசிக்கிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்த 18,500 ரூபாய் தண்டம் என்று நேற்று சாயங்காலம்தான் தெரிந்தது. வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீடு மேடவாக்கம் பக்கம். போர் தண்ணீர் ஒரே உப்பு, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) 1,480. பீட்ரூட் எப்படியோ தாக்குப்பிடித்துவிடும். பீன்ஸ், கேரட், வெங்காயம் எல்லாம் இந்த உப்பைத் தாங்காது. குரோ பேக்கில் ஊற்றுகிற தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிடும். மழைத்தண்ணீர் இருக்கிற வரைக்கும் செடிகள் நன்றாக இருந்தன. அது தீர்ந்ததும் இலை ஓரமெல்லாம் கருக ஆரம்பித்தது.

வாட்டர் பியூரிஃபையர் விற்கிற ஒரு கடையில் விசாரித்தேன். மறுநாளே ஆள் வந்துவிட்டார். நேராக மாடிக்கு ஏறி, கறிவேப்பிலைத் தொட்டி முன்னால் உட்கார்ந்து, மண் மேல் படிந்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டிக் காட்டினார். “இந்த உப்புதான் அக்கா வேரைச் சாகடிக்குது” என்றார். அது உண்மைதான். அந்த ஒரு உண்மையைச் சொல்லித்தான் என் நம்பிக்கையைச் சம்பாதித்தார்.

அப்புறம் இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்தார். எங்கள் தண்ணீர் காவி நிறத்தில் திரிந்துபோனது, அவருடையது தெளிவாக இருந்தது. அது முழுக்கப் பித்தலாட்டம். உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும்போது அந்த இரும்புக் கம்பியே கரைந்து துருவாக வருகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் துருவும் வராது. தண்ணீரிலிருந்து பிரிந்து வந்த அழுக்கு இல்லை அது.

ஆர்.ஓ. என்றால் நிறைய தண்ணீர் வீணாகுமே என்று நான் கேட்டேன். “இது தோட்டத்துக்குன்னே செஞ்சதுக்கா, ஒரு சொட்டு வேஸ்ட் ஆகாது. மணிக்கு 50 லிட்டர் வரும். மினரலும் இதுலயே கலந்துடும், உரமே வேண்டாம்” என்றார். 18,500 ரூபாயும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். கையில் கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு.

மெஷின் மாட்டியதும் குழாயில் டி.டி.எஸ். மீட்டரை வைத்து 70 என்று காட்டினார்கள். தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம்மும் சொன்ன மாதிரியே மளமளவென்று நிறைந்தது. ஆனால் இலை கருகுவது நிற்கவே இல்லை. கடைக்குப் போன் செய்தால், “பழைய உப்பு மேடம், போகப் போகச் சரியாகும்.” மறுபடி செய்தால், “டெக்னீசியன் வந்துட்டே இருக்கார்.” அதற்கப்புறம், “செடிக்கெல்லாம் வாரண்டி கிடையாது மேடம், வேணும்னா மெம்பிரேன் மாத்திக்குங்க, 3,500 ஆகும்.” மெம்பிரேன் என்றால் உப்பை வடிகட்டுகிற சவ்வு. பிறகு எடுப்பதே இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறார்கள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள்.

நேற்று நானே ஒரு மீட்டர் வாங்கி வந்து பார்த்தேன். குழாயில் 70, டிரம்மில் 1,450! டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினால், உப்பு வெளியேறுகிற கழிவுநீர்க் குழாயையும் நல்ல தண்ணீர்க் குழாயையும் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து ஒன்றாகச் சேர்த்து உள்ளே விட்டிருக்கிறார்கள். பிரித்த உப்பையெல்லாம் திரும்ப அதே டிரம்மில் கொட்டுவதற்கா 18,500 ரூபாய்? மூடியைக் கழற்றிப் பார்த்தால் மெம்பிரேனில் 75 ஜி.பி.டி., அதாவது ஒரு நாளைக்கு 75 கேலன் என்று இருக்கிறது. வீட்டில் குடிக்கிற தண்ணீருக்குப் போடுகிற அதே சாதாரண மெம்பிரேன். மணிக்கு 12 லிட்டர் தாண்டாது. 50 லிட்டர் கணக்கு காட்டத்தான் கழிவையும் சேர்த்து விட்டிருக்கிறார்கள். டிரம் ஏன் அவ்வளவு சீக்கிரம் நிறைந்தது என்று இப்போது புரிகிறது. என் பீன்ஸ் கொடி மொத்தமும் போய்விட்டது. வயிறு எரிகிறது.

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டுமாவது பாருங்கள். மீட்டர் சில நூறு ரூபாய்தான், சொந்தமாக வாங்குங்கள். குழாயில் அல்ல, செடிக்கு ஊற்றுகிற பாத்திரத்தில் வைத்துப் பாருங்கள். கழிவுக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நல்ல ஆர்.ஓ. தண்ணீராகவே இருந்தாலும் அதில் கால்சியம், மெக்னீசியம் இரண்டும் அநேகமாக இருக்காது, தேங்காய் நார்த்தூளில் வளர்க்கிறவர்கள் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். உரம் வேண்டாம் என்று எவனாவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஜி.எஸ்.டி. பில் கட்டாயம் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. நான் போடப் போகிறேன், துண்டுச்சீட்டும் அந்த டீ இருக்கிற போட்டோவும் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி யாராவது மாட்டியிருந்தால், இன்றைக்கே டிரம்முக்குப் பின்னால் பாருங்கள்.