துப்ரோவ்னிக்கிலிருந்து ஒரு நாள் கார்ப் பயணம்: தெற்கே கோட்டோரா, வடக்கே கோர்ச்சுலாவா?

குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் வாடகைக் கார் எடுத்தால், காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய பழைய துறைமுக ஊர்கள் இரண்டு திசையிலும் இருக்கின்றன. தெற்கே சுமார் 90 கி.மீ. தொலைவில் மாண்டினீக்ரோ நாட்டின் கோட்டோர், வழியில் பெராஸ்ட். வடமேற்கே 55 கி.மீ. போனால் ஸ்டோன். அதையும் தாண்டி பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தின் நீளம் முழுக்க ஓட்டினால் ஓரெபிச், அங்கிருந்து படகில் கோர்ச்சுலா தீவு. இரண்டு பக்கமும் ஒரே நாளில் முடியாது.

அழகு மட்டும் பார்த்தால் கோட்டோருக்குத்தான் என் ஓட்டு. ஆனால் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் ஷெங்கன் விசாவில் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) ‘எத்தனை முறை நுழையலாம்’ என்ற கட்டத்தை.

2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனுக்குள் இருக்கிறது, மாண்டினீக்ரோ வெளியே. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் மாண்டினீக்ரோ தனி விசா கேட்பதில்லை. போவது எளிது, சிக்கல் திரும்பும்போதுதான். கட்டத்தில் 01 என்று இருந்தால், எல்லையைத் தாண்டிய அந்த நிமிடமே உங்கள் ஒரு நுழைவு தீர்ந்துபோகிறது. மாலையில் துப்ரோவ்னிக்கில் பெட்டி இருக்கும், நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள். 02 அல்லது ‘மல்ட்’ (MULT, பல முறை) இருந்தால் மட்டுமே தெற்கு வழியை யோசிக்கலாம். 02 என்றாலும், அந்த இரண்டில் ஒன்றை இதே விசாவில் முன்பு இத்தாலிக்கோ வேறு ஷெங்கன் நாட்டுக்கோ போய்வந்ததில் ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்களா என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்பிளிட்டிலிருந்து துப்ரோவ்னிக்குக்கு ஓட்டி வருபவர்களுக்கும் இதே பொறி உண்டு. பழைய கடலோரச் சாலை நேயும் என்ற இடத்தில் சிறிது தூரம் ஷெங்கனுக்கு வெளியே உள்ள போஸ்னியாவுக்குள் நுழைந்து வெளிவருகிறது. 2022 ஜூலையில் திறந்த, 2.4 கி.மீ. நீளமான பெல்யெஷாட்ஸ் பாலம் அதைத் தவிர்க்கத்தான் கட்டப்பட்டது, கட்டணமும் கிடையாது. வழிகாட்டிச் செயலி நேயும் வழியைக் காட்டினால், பாலத்தை இடையில் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள்.

விசா சரி என்றால் அடுத்தது காரின் காகிதம். எல்லை தாண்ட வாடகை நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கார் எடுக்கும் அன்று காலையில் கேட்காமல் பதிவு செய்யும்போதே கேட்க வேண்டும். தனிக் கட்டணம் இருக்கும். அனுமதி இல்லாமல் போய் அங்கே இடித்துக்கொண்டால் காப்பீடு கைவிரித்துவிடும். நம் ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இரு நாட்டுக்கும் எடுத்துச் செல்லுங்கள். விதிகளும் எல்லையில் மாறுகின்றன. ஊருக்கு வெளியே குரோஷியாவில் பொது வேக வரம்பு 90, மாண்டினீக்ரோவில் 80. அங்கே பட்டப்பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், வருடம் முழுக்க. பணம் மட்டும் மாறாது: ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் மாண்டினீக்ரோ யூரோவில்தான் புழங்குகிறது.

காராசோவிச்சி எல்லையில் இரண்டு சாவடிகள்: குரோஷியா வெளியே அனுப்பும் ஒன்று, மாண்டினீக்ரோ உள்ளே விடும் ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் இந்த இரண்டுக்கும் சேர்த்து மணிக்கணக்கில் நிற்க நேரிடும். 2025 அக்டோபரில் ஷெங்கன் எல்லைகளில் தொடங்கிய கைரேகை, முகப்படப் பதிவு ஆளுக்கு இன்னும் சில நிமிடம் கூட்டுகிறது. ஏழு மணிக்குள் எல்லையில் இருக்கும்படி கிளம்புங்கள். மாலை 4 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் திரும்பி வருவதைத் தவிருங்கள். கடற்கரைக்குப் போன கூட்டம் மொத்தமும் அப்போதுதான் வீடு திரும்பும்.

எல்லை கடந்தபின் ஹெர்செக் நோவி வழியாகக் காமெனாரி. இங்கே வழி பிரிகிறது. நேரே படகேறினால் பத்து நிமிடத்தில் எதிர்க்கரையில் லெபெதானெ. படகு இரவு பகலாக ஓடுகிறது. போகும்போது அதில் ஏறாதீர்கள். கோட்டோர் விரிகுடாவைச் சுற்றிப் போகும் சாலையில்தான் ரிசானும் பெராஸ்ட்டும் இருக்கின்றன. அந்தத் திசையில் போகும்போது தண்ணீர் உங்கள் வலப்பக்கம், அதாவது நீங்கள் ஓட்டும் பக்கமே, வரும். நிறுத்திப் பார்க்க எதிர்த்தடத்தைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. திரும்பும்போது வரிசை குறைவாக இருந்தால் படகு அரை மணி நேரம்வரை மிச்சப்படுத்தும். (இந்த விரிகுடாவைப் பலர் ஃபியோர்ட் என்பார்கள். ஃபியோர்ட் என்றால் பனியாறு குடைந்தது, இது அப்படி இல்லை. கடல் புகுந்து மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கு.)

பெராஸ்ட்டில் கோடையில் ஊருக்குள் வெளிக் கார்களை விடமாட்டார்கள். இரு முனைகளிலும் உள்ள கட்டண நிறுத்தத்தில் விட்டு நடக்க வேண்டும். எதிரே இரண்டு தீவுகள். தேவதாரு மரங்கள் போலக் கூம்பிய சைப்ரஸ் நிற்கும் புனித ஜார்ஜ் தீவு இயற்கையானது. நீலக் கூரைத் தேவாலயம் உள்ள ‘பாறைகளின் அன்னை’ மனிதர்கள் கட்டியது. 1452-இலிருந்து கல்லைப் போட்டுப் போட்டு, பழைய கப்பல்களைக் கல் நிரப்பி மூழ்கடித்து எழுப்பினார்கள். இன்றும் ஜூலை 22 மாலையில் படகு வரிசையில் போய்க் கல் போடுகிறார்கள். படகோட்டியிடம் ஏறுமுன்னே போக வர எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

அங்கிருந்து 12 கி.மீ. போனால் கோட்டோர். பயணிகள் கப்பல் கரையில் நிற்கும் நாட்களில் பத்து மணிக்கு மேல் மதிற்சுவரை ஒட்டிய நிறுத்தங்கள் நிரம்பிவிடும். மலைமேல் புனித யோவான் கோட்டைக்கு 1,350 படிகள். நிழல் கிடையாது, உச்சி வெயிலில் ஏறி மயங்குபவர்கள் உண்டு. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வழுக்காத செருப்பு. மூச்சு வாங்குபவர்கள் பாதி வழியில் உள்ள மாதா கோவிலோடு நிறுத்திக்கொள்ளலாம், செங்கூரைகளும் விரிகுடாவும் அங்கிருந்தே நன்றாகத் தெரியும். கீழே 1166-இல் அருட்பொழிவு பெற்ற புனித டிரைஃபன் பேராலயம். 1979 ஏப்ரல் 15 நிலநடுக்கத்தில் ஊர் பெரிதும் உடைந்து, பல ஆண்டுகள் எடுத்துச் செப்பனிட்டார்கள். இன்னும் தெற்கே உள்ள கடற்கரை ஊரான புத்வாவையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், அந்த நெரிசலில் மாலை போய்விடும்.

வடக்கு வழியில் எல்லையே இல்லை. அதற்கு ஈடாக ஓட்டும் வேலை அதிகம்: ஓரெபிச் சுமார் 120 கி.மீ., இரண்டு மணி நேரம். ஸ்டோனுக்குப் பிறகு வளைவுகள்தான். வளைவுச் சாலையில் குமட்டும் குழந்தைகளுக்கு மாத்திரையை முன்பே கொடுத்துவிடுங்கள். போகும்போது கடல் இடப்பக்கம். படம் எடுக்கும் நிறுத்தங்களைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோனை 1333-இல் துப்ரோவ்னிக் குடியரசு வாங்கியது உப்புக்காக. உப்பளங்களைக் காக்கவே 5 கி.மீ.க்கு மேல் நீளும் மதில். ஸ்டோனிலிருந்து மலை தாண்டி மாலி ஸ்டோன் வரை மதில்மேல் முக்கால் மணி நேரத்தில் நடக்கலாம். கோட்டோர்ப் படிகளைவிட எளிது, வெயில் அதேதான். இறங்கும் இடத்தில் விரிகுடாவில் வளர்க்கும் சிப்பி கிடைக்கும். அது சதைப்பற்றோடு இருப்பது மார்ச் மாதத்தில், ஆகஸ்டில் மெலிந்திருக்கும். சைவர்களுக்கு ஊரின் விசித்திரம் ஒன்று: மக்ரோனியும் கொட்டைகளும் வைத்த கேக். முட்டை உண்டு.

கோர்ச்சுலாவுக்குக் காரைக் கொண்டுபோக வேண்டாம். கார்ப் படகு இறங்கும் தோமின்சே துறை, கோர்ச்சுலா ஊருக்கு 3 கி.மீ. வெளியே இருக்கிறது, கோடையில் வரிசையும் நீளம். ஓரெபிச்சில் காரை விட்டுவிட்டு ஆள் மட்டும் ஏறும் படகில் போனால் கால் மணியில் பழைய ஊர் வாசலில் இறங்கலாம். கடைசிப் படகு நேரத்தை ஏறும்போதே கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

தெருக்கள் மீன் முள் போலக் கிளைக்கின்றன: மேற்குப் பக்கத்துத் தெருக்கள் நேராக, கோடைக் காற்று உள்ளே வர, கிழக்குப் பக்கத்தவை வளைந்து, குளிர்கால ‘புரா’ காற்றை மறிக்க. மார்கோ போலோ வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய அதே மார்கோ போலோதான். ஆனால் அவர் இங்கே பிறந்தார் என்பதற்குச் சான்று இல்லை. அந்த நுழைவுச் சீட்டுக் காசை புனித மாற்கு பேராலயத்துக்குக் கொடுங்கள்.

பெல்யெஷாட்ஸில் திங்காச் திராட்சை மதுவைச் சுவைக்கக் கூப்பிடுவார்கள். ஓட்டுநருக்கு குரோஷியாவில் லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம், மாண்டினீக்ரோவில் 0.3 கிராம் வரம்பு. அந்த வளைவுகளில் பூஜ்யம்தான் பொருத்தம், புட்டியை வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

பல முறை நுழையும் விசாவோடு மே, ஜூன் தொடக்கம், செப்டம்பர் கடைசி, அக்டோபரில் வருபவர்கள் தெற்கே போகலாம். ஒற்றை நுழைவுக்காரர்களுக்கும், ஆகஸ்டில் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் வடக்கு. வயதானவர்கள் கூட இருந்தால் ஸ்டோனோடு நிறுத்திக்கொண்டு மதிய உணவுக்குப் பிறகு திரும்பலாம்.

தெற்கே கிளம்பி, காராசோவிச்சியில் வரிசை சாவடியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் வால் விட்டிருந்தால் அதில் நுழையாமல் வண்டியைத் திருப்புங்கள். கோர்ச்சுலாவுக்கு நேரம் தாண்டியிருக்கும். அரை மணியில் ட்ஸாவ்டாட் வந்துவிடும்: பனைமரக் கரை, குன்றின் மேல் சிற்பி இவான் மெஷ்ட்ரோவிச் 1922-இல் முடித்த ராச்சிச் குடும்பத்தின் வெள்ளைக்கல் கல்லறை மண்டபம், குளிக்க நல்ல கடல்.