தென்னை டானிக்கும் அதைக் கட்டிக் காட்டிய மாணவர்களும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டச்சத்துக் கரைசலான தென்னை டானிக்கை எங்கள் தோப்பில் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். மரத்துக்கு 40 மி.லி. டானிக்கை 160 மி.லி. நீரில் கலந்து, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, பையில் ஊற்றி வேரில் கட்டி, வேர் வழியாகச் செலுத்த வேண்டும்.

முதன்முறை நானே கட்டியபோது முற்றிய வேரைத் தேர்ந்துவிட்டதால், மூன்று நாள் கழித்தும் பை நிறைந்தபடியே தொங்கியது. ஊரக வேளாண்மைப் பணி அனுபவத் திட்டத்தின்கீழ் எங்கள் ஊரில் தங்கியிருந்த இளநிலை வேளாண் மாணவர்கள்தாம் மண்ணைப் பறித்து, பென்சில் பருமனுள்ள இளம் வேரைக் கண்டெடுத்து, நுனியைக் கூரிய கத்தியால் சாய்வாகச் சீவி, வேர் பையின் அடிவரை எட்டும்படி வைத்து நூலால் கட்டிக் காட்டினார்கள். மறுநாள் காலையில் பை வற்றிக் கிடந்தது. பல்கலைக்கழகமும் உழவரும் கைகோப்பது என்றால் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது.

குரும்பை உதிர்வது கண்கூடாகக் குறைந்துள்ளது. ஆனாலும் எருவும் பாசனமும் இல்லாத தோப்பில் டானிக்கை மட்டும் நம்பக் கூடாது. மாணவர்கள் தோப்புவாரியாக எழுதும் குறிப்பேட்டின் படி ஒன்றை அடுத்து வரும் அணியினரிடம் ஒப்படைத்துச் சென்றால், எங்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.