பேச்சு போனவரின் மனச்சோர்வு: குரலை அளக்கும் கணினியா, கூடவே இருப்பவரின் கண்ணா?

ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. மூளை அடிபட்டதால் பேசவோ, பேச்சைப் புரிந்துகொள்ளவோ முடியாமல் போவது அபேசியா. அதனால் பேச்சும் போனவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. மனச்சோர்வை அளக்கும் வழக்கமான பிஎச்கியூ-9 (PHQ-9) தாளில் ‘கடந்த இரண்டு வாரங்களில்...’ என்று 9 கேள்விகள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வரும் ஓர் அண்ணாச்சி ஒன்பதுக்கும் தலையாட்டினால், புரிந்து ஆட்டினாரா, டாக்டருக்கு மரியாதையா? இந்தத் தாளை ஒதுக்கிவிடலாம்.

குரல் அலசல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பேச்சைப் பதிவு செய்தால் சுருதியின் ஏற்ற இறக்கம், வேகம், இடையில் விழும் மௌனம் எல்லாவற்றையும் கணினி அளக்கும். மனம் சோர்ந்தால் குரல் தட்டையாகும், மௌனம் நீளும் என்பது கணக்கு. ஆனால் அபேசியாக்காரர் சொல்லைத் தேடும்போதே மௌனம் நீண்டுவிடுகிறது. மூளையின் வலப்பக்கம் அடிபட்டவருக்குச் சோகமே இல்லாமல் குரல் தட்டையாகலாம். அபேசியாவிலேயே வெர்னிக்கே என்ற வகை வந்தவர் பொருளில்லாமல் சரளமாகப் பேசுவார். கருவி அவரை உற்சாகமானவர் என்று நினைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு நம் ஊர் ராகம் வேறு! ‘நல்லாருக்கியளா அண்ணாச்சி?’ என்று இழுப்பதை, இங்கிலீஷ் குரல்களில் பழகிய மென்பொருள் என்னவென்று எடுத்துக்கொள்ளுமோ.

முகப்படம் போட்ட கோடு இன்னொரு வழி. 100 மில்லிமீட்டர் கோட்டின் ஒரு முனையில் சாதாரண முகம், மறுமுனையில் சோக முகம். விரலால் காட்டினால் போதும். ஸ்ட்ரோக்கில் சிலருக்கு ஒரு பக்கம் இருப்பதே கவனத்தில் வராது என்பதால் கோட்டைச் செங்குத்தாகப் போட்டிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது அவருக்குப் புரிய வேண்டும்.

என் ஓட்டு, கூட இருப்பவர் பார்த்து நிரப்பும் எஸ்ஏடிக்யூ-10 (SADQ-10) என்ற கேள்வித்தாளுக்கு. நோயாளியிடம் எதுவும் கேட்பதில்லை. கவனித்துக்கொள்பவர் 10 கேள்விகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார். அழுகிறாரா, ராத்திரி தூங்குகிறாரா, நாலு பேரோடு கலக்கிறாரா என்கிற மாதிரிக் கேள்விகள். ஆனித் தேருக்கு முதல் ஆளாக வடம் பிடித்தவர் இப்போது திண்ணைக்கு வரவே மறுத்தால், அதை வீட்டு ஆள்தான் சொல்ல முடியும். குறையும் உண்டு. கவனிப்பவரின் அலுப்பு மதிப்பெண்ணில் ஏறிவிடும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு காரணமே இல்லாமல் வெடிக்கும் அழுகையும் சோகமாகத் தெரியும். ஆகவே போனில் விசாரிக்கும் சென்னை மகன் வேண்டாம், ராத்திரி கூடப் படுப்பவர் நிரப்பட்டும். மதிப்பெண் கூடினால் மனநல டாக்டர் பார்க்கட்டும்.

குரல் பதிவு வேண்டவே வேண்டாமா? அதே ஆளின் போன மாதக் குரலோடு இந்த மாதக் குரலை ஒப்பிட்டால் ஏதாவது தெரியலாம். ஸ்ட்ரோக்குக்கு முந்தைய வாட்ஸ்அப் குரலோடு ஒப்பிடுவது மட்டும் வீண். அப்புறம், பயிற்சியில் பேச்சு தேறினாலும் மௌனம் குறையும். மனசு தேறிவிட்டதாகக் கருவி சொல்லிவிடும்.