ரீஃபண்டில் பங்கு கேட்பவரிடம் ஃபார்ம் 16-ஐக் கொடுக்காதீர்கள்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 2023 ஜூலையில், ஷிஃப்ட் விடும் நேரமாகப் பார்த்து, கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடைக்கு லேப்டாப்போடு ஒருவர் வருவார். "ஃபார்ம் 16 மட்டும் வாட்ஸ்அப்ல போடுங்கண்ணே, பிடிச்ச டிடிஎஸ் மொத்தத்தையும் திரும்ப வாங்கித் தரேன்" என்றார். ஃபார்ம் 16 என்பது நம் வருஷச் சம்பளமும் அதில் வரியாகப் பிடித்த டிடிஎஸ்ஸும் இருக்கும், கம்பெனி தரும் சான்று. ரிட்டன், அதாவது வருமான வரிக் கணக்கு, போட 1,000 ரூபாய், ரீஃபண்ட் வந்தால் 15 சதவீதம் கமிஷன். எங்கள் லைனில் பதினோரு பேர் கொடுத்திருந்தார்கள். நானும் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து போன்: "ஆதார் ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கண்ணே." சொன்னேன். அந்த ஆறு இலக்கம்தான் என் கையெழுத்து என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

35,880 ரூபாய் கணக்கில் ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கமிஷன் 5,382 ரூபாயை அன்றே அனுப்பினேன்.

அடுத்த வருஷம் அவர் போன் எடுக்கவில்லை. சரி, நாமே போடலாம் என்று வருமான வரித் துறை தளத்துக்குள் போனால் பாஸ்வேர்டு அவரிடம். ஆதார் ஓடிபி வைத்து மாற்றி உள்ளே நுழைந்தேன். என் பெயர், என் பான். கீழே இருந்த செல் நம்பரும் மெயிலும் மட்டும் யாருடையதோ. பழைய ரிட்டனை இறக்கிப் பார்த்தபோது கை நடுங்கிவிட்டது. வரிக் கழிவு கேட்கும் இடத்தில், 80ஜிஜிசி பிரிவில் அரசியல் கட்சிக்கு நன்கொடை 80,000 ரூபாய். 80ஈ பிரிவில் கல்விக் கடன் வட்டி 30,000. நான் எந்தக் கட்சிக்கும் பத்து ரூபாய் கொடுத்ததில்லை, கல்விக் கடனும் வாங்கியதில்லை. 6,10,000 ஆக இருந்த வரிக்குரிய வருமானத்தைச் சரியாக 5 லட்சத்துக்கு இறக்கியிருக்கிறார். அந்த வருஷம், இப்படிக் கழிவுகளைக் காட்டி வரி கணக்கிடும் பழைய முறையில் 5 லட்சம் வரை வரி இல்லை. முழு ரீஃபண்ட் வந்த வழி இதுதான். துறை ஏதாவது கேட்டு எழுதியிருந்தாலும் அந்த மெயிலுக்குத்தான் போயிருக்கும்.

திருத்திய ரிட்டனுக்கான கெடு 2023 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது, கெடு முடிந்த பிறகும் கூடுதல் வரி கட்டித் தவறைச் சரிசெய்ய விடும் அப்டேட்டட் ரிட்டன். வாங்கிய 35,880-ஐத் திருப்பிக் கட்டி, வட்டி கட்டி, இரண்டும் சேர்ந்த தொகைக்கு 25 சதவீதம் கூடுதல் வரியும் கட்டினேன். 45,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. மனைவி சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் கட்டினோம். வருமான வரித் துறையே கண்டுபிடித்துப் பொய்க் கணக்கு என்று முடிவு செய்தால் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 200 சதவீதம் வரை போகும். அது ஏஜென்ட் தலையில் விழாது, நம் தலையில்தான் விழும்.

2024-இல் போட வேண்டியிருந்த ரிட்டனை நானே போட்டேன். அரை மணி நேரம் கூட ஆகவில்லை, ஒரு பைசா செலவில்லை. சம்பளம், ஒரு வீடு, வங்கி வட்டி, மொத்தம் 50 லட்சத்துக்குள் என்றால் பெரும்பாலும் ஐடிஆர்-1 என்ற எளிய படிவம் போதும். சம்பளமும் டிடிஎஸ்ஸும் ஏற்கெனவே நிரப்பியே வரும். ஃபார்ம் 16, 26ஏஎஸ் (நம் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (துறைக்குத் தெரிந்த நம் வருமானப் பட்டியல்) மூன்றையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தால் போதும். எனக்கு விட்டுப்போனது சேமிப்புக் கணக்கு வட்டி மட்டும்தான், அதை ஏஐஎஸ் காட்டிக் கொடுத்தது. அனுப்பிய 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போட்டு உறுதி செய்ய மறக்காதீர்கள்.

ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யும் ஆடிட்டர்களை நான் குறை சொல்லவில்லை. ரீஃபண்டில் சதவீதம் கேட்கிறவரைத்தான் சொல்கிறேன். ரீஃபண்டைக் கூட்டினால்தான் அவருக்குக் காசு.

போன வாரம் அதே டீக்கடை பெஞ்சில் வேறொரு ஆள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் புதுசாகச் சேர்ந்த பையன்கள். 2025-26 சம்பளத்துக்கு, பெரும்பாலான கழிவுகள் இல்லாத புதிய முறையில் 12.75 லட்சம் வரை வரியே கிடையாது, அவர்களில் பலருக்கு இவரால் ஆகவேண்டியது ஒன்றுமே இல்லை. தம்பிகளா, ஏற்கெனவே ஓடிபி சொல்லியிருந்தால் இன்று ராத்திரியே தளத்துக்குள் போய், புரொஃபைலில் இருக்கும் செல் நம்பரும் மெயிலும் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கு கேன்டீனில் என்னிடம் வாருங்கள், கூட உட்கார்ந்து மாற்றித் தருகிறேன்.