பாரிமுனையில் பாறை ஏறும் கயிறு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் 'கிளைம்பிங் ரோப்' என்று விற்கும் கயிற்றை நீங்கள் வாங்கியிருந்தால், தயவுசெய்து அதைக் கட்டிக்கொண்டு எந்தப் பாறையிலும் ஏறாதீர்கள். நானும் என் நண்பனும் ஏமாற்றப்பட்டோம். பணம் போனதைக்கூட விடுங்கள். அந்தக் கயிற்றில் அவன் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

நாங்கள் இருவரும் காசிமேடு. மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்கில் ஒரு முழு நாள் பாறை ஏற வேண்டும் என்பது எங்களுடைய வெகுநாள் ஆசை. சொந்தமாகக் கயிறு இருந்தால் அப்புறம் நம்மூர்ப் பக்கத்து மலைகளுக்கும் ஆகுமே என்றுதான் வாங்கப் போனோம். பாரிமுனைச் சந்துகளில் கயிறு, சங்கிலி, ஷேக்கிள் விற்கும் பழைய கடைகள் நிறைய உண்டு. துறைமுக வேலைக்கும் பாரம் தூக்கவும் அங்கே நல்ல சரக்கு கிடைக்கும், அவர்களைக் குறை சொல்லவில்லை. இந்த ஒரு கடையில் மட்டும் முன்னால் ஹார்னஸ் (இடுப்பில் மாட்டும் பட்டை), ஹெல்மெட், கேரபைனர் (கயிறு மாட்டும் கொக்கி) எல்லாம் தொங்கவிட்டிருந்தார்கள்.

லீட் ஏறுவதற்கு, அதாவது கீழேயிருந்து கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறுவதற்கு, விழும்போது நீண்டு கொடுக்கும் டைனமிக் கயிறுதான் வேண்டும், அதற்கான ஐரோப்பியத் தர எண்ணான இ.என். 892 முத்திரை இருக்க வேண்டும் என்று தெளிவாகக் கேட்டோம். "கவர்லயே போட்டிருக்கு பாருங்க சார்" என்று கடைக்காரர் காட்டினார். பிளாஸ்டிக் உறைமேல் ஸ்டிக்கர் இருந்தது. பிரித்துக் காட்டச் சொன்னோம். "சீல் போயிடும் சார், அப்புறம் யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். ஜிஎஸ்டி பில் கேட்டால் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு. அதில் 'டைனமிக் ரோப், 10 எம்எம், 50 மீட்டர்' என்று எழுத வைத்தோம், பணத்தை ஜிபேயில் போட்டோம். இப்போது கையில் இருக்கிற ஆதாரம் இவை இரண்டும்தான்.

சோலாங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரம். காலையில் பாறை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது, வெயில் வரும்வரை விரல் நுனியில் உணர்ச்சியே இல்லை. அங்கே எங்களோடு வர ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டி, பாறையைத் தொடும் முன்பு எங்கள் பையைத்தான் திறந்தார். கயிற்றின் இரண்டு முனைகளையும் பார்த்தார். நெருப்பில் உருக்கிய கட்டி மட்டும் இருந்தது. பட்டையும் இல்லை, எழுத்தும் இல்லை. பிறகு கயிறு முழுவதையும் விரல்களுக்கு நடுவே மெதுவாக ஓடவிட்டார். ஓரிடத்தில் நிறுத்தி, என் கையைப் பிடித்து அங்கே வைத்து அழுத்தினார். மேலுறை தனியாக நழுவியது, உள்ளே இருக்கும் இழை தனியாக நின்றது. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை அளந்ததில் 50 மீட்டரும் தேறவில்லை. ஏறியவரைக் கீழே இறக்கும்போது கயிறு பாதியில் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைக் கட்டிக்கொண்டு ஏற விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தன் கயிற்றை எடுத்தார்.

அன்றைக்கு மதியம், பாறையில் ஏற்கெனவே போல்ட் அடித்து வைத்திருந்த ஒரு சுலபமான வழியில், வழிகாட்டியின் கயிற்றில் நண்பன் லீட் ஏறினான். பிலே, அதாவது கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும் வேலை, என் கையில். போல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே போனபோது கால் வழுக்கிச் சட்டென்று விழுந்தான். கயிறு இழுத்ததில் நான் தரையிலிருந்து எழும்பிவிட்டேன். அவன் மெத்தென்று நின்று, ஆடி, "ஒண்ணும் இல்லடா" என்றான். நல்ல கயிறு அந்த நேரத்தில் நீண்டு கொடுக்கும். விழும் வேகத்தில் பெரும்பகுதியை அந்த நீட்சியே வாங்கிக்கொள்ளும். நீளாத கயிறாக இருந்தால் அதே அடி அவன் இடுப்பிலும் முதுகெலும்பிலும், மேலே மாட்டியிருக்கும் கேரபைனரிலும், போல்ட்டிலும் மொத்தமாக இறங்கியிருக்கும். அவனைக் கீழே இறக்கி முடித்த பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்கு வந்ததும் நண்பனின் நைனாவிடம் காட்டினோம். காலமெல்லாம் கடலுக்குப் போனவர், கயிறு பார்த்தே பழகிய கை. முனையைக் கத்தியால் அறுத்து, கலர் உறையை உரித்து, உள்ளே இருந்த வெள்ளை இழைகளை ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டு அமுக்கினார். கையை எடுத்ததும் மேலே வந்துவிட்டது. திரும்ப அமுக்கினார், திரும்ப வந்தது. ஒரு இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, மெழுகு நாத்தம் அடிக்குது. நம்ம வலைக்கு மெதக்கறதுக்குக் கட்டுற கயிறுடா இது. இதுலயா மலை ஏறப் போனீங்க?" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. டைனமிக் கயிறு நைலானில்தான் செய்யப்படுகிறது. நைலான் இழை தண்ணீரில் மூழ்கும். வலைக்கு மிதக்கக் கட்டும் கயிறு பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், அது மிதக்கும். மீன்பிடிக்கு அருமையான பொருள்தான். ஆனால் சுமார் 165 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், நைலான் உருக சுமார் 220 டிகிரி ஆக வேண்டும். பாறை விளிம்பிலும் பிலே கருவியிலும் கயிறு உரசிச் சூடாகும்போது இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

கடைக்குப் போய்க் கேட்டோம். "சார், லாரியே இழுக்கும் இந்தக் கயிறு, நீங்க எத்தனை கிலோ இருப்பீங்க?" என்று எங்களையே மடக்கப் பார்த்தார். லாரி இழுப்பது வேறு, விழுகிற மனிதனைப் பிடிப்பது வேறு. ஒற்றைக் கயிறாகப் பயன்படுத்தும் டைனமிக் கயிற்றை 80 கிலோ எடையைக் கட்டி விழவிட்டுச் சோதிக்கிறார்கள். குறைந்தது 5 தடவையாவது அறுந்துபோகாமல் தாங்க வேண்டும். முதல் தடவை விழும்போது இழுப்பு 12 கிலோ நியூட்டனை (சுமார் 1,200 கிலோ எடை தொங்கும் அளவு) தாண்டக் கூடாது, நீட்சி 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எவ்வளவு இறுக்கமாக நிற்கிறது என்பதில்லை, எவ்வளவு பதமாகப் பிடிக்கிறது என்பதுதான் கணக்கு. இதைச் சொன்னதும், "வித்த பொருள் வாபஸ் இல்ல" என்று முடித்துவிட்டார்.

அதே கடையில் வாங்கிய கேரபைனரும் அதே லட்சணம்தான். உடம்பில் '25 கேஎன்' (கிலோ நியூட்டன்) என்று மட்டும் அடித்திருக்கிறது. முறையான கேரபைனரில் மூன்று எண்கள் இருக்கும்: நீளவாக்கில், குறுக்குவாக்கில், வாய் திறந்திருக்கும்போது எவ்வளவு தாங்கும் என்று. சாதாரண வகைக்கே நீளவாக்கில் 20 கிலோ நியூட்டனும் மற்ற இரண்டுக்கும் 7-உம் குறைந்தபட்சம். ஐரோப்பியத் தர முத்திரையான சி.இ. எழுத்துக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். கயிறானால் முனையில் சுற்றிய பட்டையில், ஒற்றைக் கயிறு என்பதைக் காட்ட வட்டத்துக்குள் 1, பக்கத்தில் இ.என். 892, கூடவே தயாரிப்பாளரின் குறிப்புத்தாள். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து உறைமேல் ஒட்டலாம், அதை நம்ப வேண்டாம். பிரித்து முனையைக் காட்ட மாட்டேன் என்றால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்து சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. ஏமாற்றப்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். சீட்டு, ஜிபே விவரம், அறுத்த துண்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். உங்களிடம் இருந்தால் நீங்களும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவு அவசரமாக இதை எழுதக் காரணம், வெளியே வரும்போது கடைப் பையன் சொன்ன ஒரு விஷயம். காலேஜ் பசங்க சிலர் வந்து இதே கயிற்றில் இரண்டு கட்டு வாங்கிப் போனார்களாம், எங்கேயோ மலைக்கு டூர் என்று. சிவப்புக் கயிறு, நடுவே மஞ்சள் புள்ளி. உங்களுக்குத் தெரிந்த காலேஜ் பிள்ளைகள் யாராவது மலையேறக் கிளம்புகிறார்கள் என்றால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். முனையை உரித்து உள்ளிழையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.